மணியை யாரிடம் கொடுப்பது?

என் உடற்கல்வி வகுப்பில் அடங்காத ஒரு பையனிடம் கைமணியைக் கொடுத்தது சரிதான் என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆசிரியர் அறையில் வாதாடியும் இருக்கிறேன். அடங்காதவனுக்குப் பொறுப்பைக் கொடு, அடங்கிவிடுவான் என்பது நம் தொழிலில் எல்லாரும் அறிந்த உபாயம். நடந்ததும் அதுதான். அப்படியிருந்தும் இதைப் பற்றி உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது என்றால், உபாயம் பலித்தது மட்டும் போதவில்லை என்றுதானே பொருள்?

தொடக்க வகுப்புகளுக்கு உடற்கல்வி எடுப்பவர்களிடம் மணியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. சிலர் விசில் ஊதுவார்கள், சிலர் தாளமாகக் கைதட்டுவார்கள். நான் கைமணி வைத்திருக்கிறேன். பந்து தட்டிக்கொண்டு ஓடும் பிள்ளைகள் சத்தம் கேட்டதும் நிற்க வேண்டும். பந்து தரையில், இரண்டு பாதங்களுக்கும் நடுவில். மேசையும் பெஞ்சும் இல்லாத எங்கள் வகுப்பறைக்கு இருக்கிற ஒரே சுவர் அந்தச் சத்தம்தான். ஒரு பிள்ளை விழுந்துவிட்டால் மற்றவர்கள் அதன்மேல் ஓடாமல் தடுப்பதும் அதுவே.

மூன்றாம் வகுப்பில் அவன் ஒருவன் மட்டும் நிற்கமாட்டான். முரடன் இல்லை, யாரையும் அடித்ததில்லை. மணி அடித்ததும் முப்பது பந்துகள் அடங்கும். ஒன்று மட்டும் இன்னும் மூன்று தட்டுத் தட்டும். பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதன்பின் பந்தைக் கீழே வைப்பான். இதைக் குற்றம் என்று எழுதிக்கொடுத்தால் தலைமை ஆசிரியர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் சில வாரங்களில் அந்த மூன்று தட்டு நாலைந்து பேருக்குப் பரவியது. மணிக்குப் பிறகும் கொஞ்சம் நேரம் உண்டு என்று வகுப்பே புரிந்துகொண்டது.

வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்தேன். பந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே விதியைச் சொன்னேன். கொடுத்த பிறகு சொன்னால் காது பந்துக்குப் போய்விடும். மைதானத்தின் ஓரத்தில், எல்லாரும் கண்ணில் படும்படி நின்றேன். மணி அடிக்கும் நேரத்தில் தற்செயலாகப் போவதுபோல் அவன் பக்கத்தில் போய் நின்றேன். பக்கத்தில் நின்றால் தட்டமாட்டான். ஆனால் முப்பது பேருக்கும் பக்கத்தில் நிற்பது எப்படி?

இரண்டு நிமிடம் ஓரத்தில் உட்காரவைத்தும் பார்த்தேன். அதில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் கைக்கு வருவது வாரத்தில் சில பீரியட்கள்தான்; அதிலும் வரிசையில் நிற்பதிலும் பொருள்களைப் பங்கிடுவதிலும் பாதி போய்விடும். மிச்சத்திலிருந்து எடுத்துத் தண்டனையாகக் கொடுப்பதா? தோற்றவரை வெளியேற்றும் விளையாட்டுகளை நான் கைவிட்டதும் இதனால்தான். அவற்றில் முதலில் வெளியே போவது, அதிகம் ஆட வேண்டிய பிள்ளையாகவே இருக்கும்.

மைதானத்தைச் சுற்றி ஓடவிடலாம் என்றார் ஒரு மூத்தவர். அது என்னால் ஆகாது. ஓட்டம் நல்லது என்று சொல்லிக்கொடுப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள், அதே ஓட்டத்தை எப்படித் தண்டனையாக்குவது? அமெரிக்காவின் விளையாட்டு, உடற்கல்விக்கான தேசியச் சங்கம் 2009-இல் இதற்கு எதிராக ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. அது வராமலிருந்தாலும் என் பதில் இதுதான்.

கடைசியில் மணியை அவனிடம் கொடுத்தேன். “நான் கை தூக்கும்போது அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம்கூட வரக் கூடாது” என்றேன். அவ்வளவுதான் சொன்னது. ஓடினால் மணி குலுங்கும் அல்லவா? அவன் மணிக்குள் இரண்டு விரலை விட்டு அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டே ஓடினான். பந்தை இன்னொரு கையால் தட்டிக்கொண்டு, கண்ணை என் கைமேல் வைத்துக்கொண்டு! நான் கை தூக்கியதும் விரலை எடுத்து அடித்தான். அடித்த நொடியில் அவனுடைய பந்துதான் முதலில் தரைக்கு வந்தது. இப்படி ஒரு பிடி உண்டென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவனைப் போய்க் கவனக்குறைவானவன் என்று நினைத்தோமே என்றிருந்தது. இதில் என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. தொல்லை கொடுக்கும் பிள்ளைகளிடமே பயிற்சியை நடத்தும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் முறையை டான் ஹெலிசன் என்ற அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியிருக்கிறார். உடற்கல்வியில் அது பெயர்பெற்ற வழி.

அந்தப் பீரியட் முடிந்து பந்துகளைப் பையில் போடும்போதுதான் அதே வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். இரண்டு பந்துகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நின்றாள்.

“டீச்சர், மணி அடித்தால் நான் உடனே நிற்பேன்.”

“தெரியுமே. நீ எப்போதும் ஒழுங்காக நிற்பாய்.”

“எனக்கு மணி தரவில்லையே?”

“உனக்கு அது தேவையே இல்லையம்மா.”

“தேவையில்லை டீச்சர். ஆசையாக இருக்கிறது.”

கோபமோ அழுகையோ இல்லை; தகவல் சொல்வதுபோல் சொன்னாள். நான் “பார்க்கலாம்” என்றேன். பெரியவர்களின் “பார்க்கலாம்” எதற்கு என்று எட்டு வயதில் எல்லாருக்கும் தெரியும். அவள் வரிசைக்குப் போய்விட்டாள்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம்? “அவனுக்கு உதவி தேவைப்படுகிறது” என்றிருக்கலாம். ஆனால் அவனை இன்னொரு பிள்ளையிடம் அப்படி அடையாளப்படுத்துவது முறையல்ல. “அடுத்த வாரம் உனக்கு” என்றிருக்கலாம். அப்போது அவனிடமிருந்து பிடுங்க வேண்டும். அன்றைக்கு வேறு பதில் இல்லை என்றே நினைக்கிறேன். இப்படி நினைத்து முடித்த மறுகணமே, அவள் கேட்டது விளக்கத்தையா மணியையா என்று தோன்றுகிறது.

வகுப்பாசிரியை சுற்றி வளைக்கவில்லை. “குறும்பு செய்தால் பதவி கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்” என்றார். நான் விடவில்லை. ஜேக்கப் கூனின் என்ற ஆய்வாளரை இழுத்தேன். தன் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவரை அவர் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவுகள் 1970-இல் புத்தகமாக வந்தன. கண்டிக்கும் முறையால் வகுப்பு ஒழுங்காவதில்லை. டீச்சருக்கு எல்லாம் தெரிகிறது என்று பிள்ளைகள் உணர்வதே முக்கியம் என்பது அவர் கண்டது. ஆகவே நான் கண்டிக்காமல் விட்டதில் பிழையில்லை என்று முடித்தேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் தெரிகிறதா உங்களுக்கு?” என்றார். மணி அடித்துவிட்டது; பள்ளிக்கூட மணியைச் சொல்கிறேன்.

அதன்பிறகு அந்தச் சிறுமியைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். மணிக்கு ஆசைப்பட்டு அவளும் மூன்று தட்டுத் தட்டுவாள் என்று ஓர் எதிர்பார்ப்பு. உண்மையைச் சொன்னால், தட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். குறும்பை எப்படிக் கையாள்வது என்பது எனக்குத் தெரியும். அவள் தட்டவில்லை. மணி அடித்ததும் நின்றாள், மறுபடி கேட்கவும் இல்லை.

பிறகு பட்டியல் போட்டேன். வாரம் ஒருவர், பெயர் வரிசைப்படி. வகுப்பாசிரியைக்குத் திருப்தி. பட்டியல் நியாயமானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை; மணியின் மதிப்பு அதோடு பாதியாகிவிட்டது என்பதிலும் சந்தேகமில்லை. முறைவைத்து வருவதை யார் விரலால் பொத்திப் பாதுகாப்பார்கள்? அவனுடைய மூன்று தட்டு சில வாரம் திரும்பி வந்தது, சில வாரம் வரவில்லை. வந்த வாரங்களில், மைதானத்தில் அடையாளத்துக்கு வைக்கும் கூம்புகளை எடுத்துவைக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். பட்டியலில் அந்த வேலை கிடையாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை.

அவளுடைய முறையும் வந்தது. எல்லாரையும்போல் வாங்கினாள், அடித்தாள், திருப்பிக் கொடுத்தாள். ஒழுங்காக இருக்கிற பிள்ளைகளிடமும் ஏதாவது பேச வேண்டும், வெறும் “நன்று” போதாது, என்ன நன்றாகச் செய்தார்கள் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்குள் ஒரு தீர்மானம் எடுத்திருந்தேன். அதன்படி அவளிடம் போய், “பந்தைப் பார்க்காமலே தட்டுகிறாயே, இது சுலபமில்லை” என்றேன்.

“முதலிலிருந்தே அப்படித்தான் டீச்சர் தட்டுகிறேன்” என்றாள்.

முப்பது பேர் தட்டுகிற இடத்தில் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் எத்தனை தட்டுத் தட்டுவான் என்பது மட்டும் எனக்கு எண்ணிக்கையோடு தெரிந்திருந்தது.