குளியலறைக்குப் படி வேண்டாம், வாட்டம் போதும்

வாசலில் இரண்டு அங்குலப் படி இல்லாவிட்டால் குளிக்கிற தண்ணீர் ஹாலுக்கு வந்துவிடும் என்று எங்கள் கொத்தனார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். தரையில் வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் வாசல் பக்கம் ஏன் வரப்போகிறது? வாக்கர் பிடித்து நடக்கிற அம்மாவுக்கு அந்த இரண்டு அங்குலம்தான் தினமும் பயம், அவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே குளித்துவிட்டு வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையே.

மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு போதும். அதிகமானால் உட்காரும் நாற்காலி ஆடும். தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பை நடுவில் வைத்தால் நாலு பக்கமிருந்தும் வாட்டம் கொடுக்க வேண்டும், பெரிய டைல்ஸ் அதற்கு ஒத்துவராது. நாங்கள் வாசலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி சேனல் ட்ரெய்ன் என்கிற நீளமான வடிகால் வைத்தோம், தரை முழுக்க ஒரே பக்கமாகச் சாய்கிறது, ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் சுலபம்.

இதற்கெல்லாம் தரைக்கு அடியில் ஆழம் வேண்டும். புது வீடு என்றால் கான்கிரீட் போடும்போதே குளியலறைத் தளத்தை இறக்கிப் போடச் சொல்லிவிடுங்கள். பழைய வீட்டில் அப்படி இறக்கிப் போட்ட தளம் (சன்கன் ஸ்லாப்) இருந்தால் உள்ளே நிரப்பியதை எடுத்து மட்டத்தைக் குறைக்கலாம். அது இல்லாத வீட்டில் ஸ்லாபைக் கொத்த விடாதீர்கள், கம்பி வெளியே தெரிய ஆரம்பித்தால் வீட்டுக்கே ஆபத்து. வெளியே சின்னதாக ஒரு சாய்தளம் போட்டுக்கொள்வது மேல். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

டைல்ஸ் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ்தான். கடையிலேயே ஒன்றை நனைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பாருங்கள்.

அப்புறம் கதவு. இரண்டரை அடிக் கதவு என்பார்கள், நிலையின் கனம் போக நடுவில் கிடைப்பது அதைவிடக் குறைவு. சக்கர நாற்காலி வரும் வீடென்றால் நிலை போக 90 சென்டிமீட்டர் கிடைக்கும்படி கேளுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை, உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படித் திறப்பது?

கைப்பிடிக் கம்பியை டைல்ஸ் மட்டத்தோடு நிறுத்தாமல் செங்கல் வரை போகிற ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. உயரத்தை அம்மாவையே நாற்காலியில் உட்கார வைத்து, கை போகிற இடத்தில் பென்சிலால் குறித்தோம். குழாயும் ஹேண்ட் ஷவரும் அதே மாதிரி, உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில்.