ஓதம் ஏறிய சுவர்

கொடைக்கானலில் ஏரியை விட்டுச் சற்று மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய தியான இல்லத்தைப் பழுதுபார்ப்பதற்காக, எங்கள் திருச்சபையிலிருந்து 11 பேர் சென்ற செப்டம்பரில் மலையேறினோம். ஐந்து நாள் தங்கி, சாப்பாட்டுச் செலவை நாங்களே பார்த்துக்கொண்டு, கூலி வாங்காமல் வேலை செய்துவிட்டு இறங்குவது என்பது ஏற்பாடு. ஒரு கொத்தனார், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு பிளம்பர் போக, மற்ற அனைவரும் கொத்துக்கரண்டி பிடித்தறியாதவர்கள். பள்ளி ஆசிரியையான நானும் அப்படித்தான்.

இந்த மலையில் 1845-ஆம் ஆண்டில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள், மதுரையில் ஊழியம் செய்துவந்த அமெரிக்க மிஷனரிமார். கீழே காய்ச்சலும் காலராவும் தங்கள் குடும்பங்களை வாரிக்கொண்டு போனதைக் கண்டு, ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருந்த இந்தக் குளிர்ந்த காற்றைத் தேடி வந்தார்கள். பின்னர் எழுந்த மிஷன் வீடுகளில் சில இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த தடித்த சுவர்கள், மேலே தகரக் கூரை. புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டும்போது தாராளமாக வரும் காணிக்கை, பழைய கூரை ஒழுகும்போது வருவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

சாப்பாட்டு அறையின் வடக்குச் சுவர் உப்புப் பூத்து உரிந்திருந்தது. அதற்கு வெள்ளையடிப்பதே எங்கள் முதல் வேலை என்று எண்ணிப் பெயின்ட் வாளிகளோடு போயிருந்தோம். கொத்தனார் அண்ணன் கரண்டியின் பிடியால் சுவரை இரண்டு இடங்களில் தட்டினார். பொத்தென்று உள்ளீடற்ற ஓசை வந்தது. “வாளியத் திறக்காதீங்க டீச்சரம்மா. சுவருக்கு மூச்சு முட்டுது” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் பிறகுதான் எனக்கு விளங்கியது. கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சினாலும், காரையின் நுண்ணிய துளைகள் வழியே அதைக் காற்றில் விட்டுவிடும். எப்போதோ யாரோ நல்லெண்ணத்தோடு அதன்மீது சிமென்ட் பூசியிருக்கிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே மேலே ஏறி, தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்கு அடியில் சேர்த்துவைத்து, கடைசியில் பூச்சையே தள்ளிவிட்டது. அதன்மேல் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு உரியத்தான் செய்யும்.

ஆகவே முதல் இரண்டு நாள் நாங்கள் அந்தச் சுவரைத் தொடவே இல்லை. ஓதம் எங்கிருந்து வருகிறது என்று வெளியே தேடினோம். கூரை விளிம்பில் தண்ணீர் வடிவதற்கு இருந்த தகரத் தாரைக்குள் யூகலிப்டஸ் இலையும் மரப்பட்டையும் மட்கி, கறுப்பு மண்ணாகி, அதில் விரல் உயரத்துக்குச் செடி முளைத்திருந்தது. நிரம்பி வழிந்த நீரெல்லாம் நேராகச் சுவரின் காலடியில் விழுந்திருக்கிறது. அங்கே இருந்த வடிகாலோ மண் மூடி, அறையின் தரையைவிட உயர்ந்துவிட்டது. கூரைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டிய ஆணிகளைச் சில இடங்களில் பள்ளத்தில் அடித்திருந்ததால், தண்ணீர் ஓடும் வழியிலேயே துளைகள் இருந்தன. அவற்றை அடைத்துவிட்டு, தார் வாஷரோடு புதிய போல்ட்டுகளை மேட்டில் முடுக்கினோம்.

காலை ஜெபத்தில் வேதாகமத்தின் நெகேமியா புத்தகத்திலிருந்து மூன்றாம் அதிகாரத்தை வாசித்தோம். எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகரத்து மதிலை, தட்டாரும் தைலக்காரரும் பழுதுபார்த்துக் கட்டியதைச் சொல்லும் அதே அதிகாரத்தில், சல்லூம் என்பவனோடு அவன் குமாரத்திகளும் அந்த வேலையில் நின்றதாக ஒரு வசனம் வருகிறது. எத்தனையோ முறை வாசித்தும் என் கண்ணில் படாத அந்தக் குமாரத்திகள், முழங்கால் வரை சேறாகி வடிகால் தோண்டிய எங்கள் கல்லூரி மாணவியரைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிரோடு எழுந்து வந்தார்கள்.

மூன்றாம் நாள் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். உள்ளே கல் வேர்த்திருந்தது. கையை வைத்தால் ஜில்லென்று ஒட்டியது. கூடியவரை அதை ஆறவிட்டு, கடைசி நாளில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து மெல்லிய முதல் பூச்சு கொடுத்தோம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெதுவாகவே இறுகும். அந்தக் குளிரில் இன்னும் தாமதமாகும். அதற்குள் சட்டென்று காய்ந்து வெடித்துவிடாதபடி நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, பொறுப்பைக் காவலாளி ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினோம்.

கார்த்திகையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். ஐப்பசி அடைமழையில் தாரை நிரம்பி வழியவில்லை, வடிகாலில் தண்ணீர் நிற்காமல் ஓடியது என்றார். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் ஈரக்கோடு தெரிகிறதாம். உறைபனி விலகிய பிறகு, மார்ச் மாதத்தில், இரண்டாம் பூச்சுக்குப் போகிறோம்.