காது மெஷினை மறந்த இரவு

மார்ச் 3, செவ்வாய்

இரவு பத்தரை மணிக்கு அம்மா குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். விழவில்லையாம், "மெதுவா உட்கார்ந்தேன்" என்கிறாள். சாயங்காலத்திலிருந்தே தலை கிறுகிறுத்திருக்கிறது, சொல்லவில்லை. 79 வயது. "காலையில பார்த்துக்கலாமா?" என்று நானும் ஒரு தடவை இழுத்தேன். அப்புறம் எமர்ஜென்சிக்கே போனோம்.

வருகிறவர்களை அவசரத்தைப் பார்த்து வரிசைப்படுத்தும் நர்ஸிடம், "ஒண்ணுமில்லம்மா, லேசா அசதி" என்றாள். அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்றால் பின்னால்தானே தள்ளுவார்கள்! நல்லவேளை, நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "நேத்து எப்படி இருந்தாங்க?" நேற்று பேப்பரை வரிவிடாமல் படித்து, எழுத்துப் பிழைகளை வட்டம் போட்டு வைத்தவள், இன்று அதைத் தொடவே இல்லை. அதைச் சொன்னதும் உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.

முதலில் ஈசிஜி. நெஞ்சு வலியே இல்லையே என்றேன். வயதானவர்களுக்கு வெறும் அசதியாக, மூச்சு வாங்கலாக, தலைசுற்றலாக மட்டும்கூட மாரடைப்பு வருமாம். காய்ச்சலே அடிக்காமல் உள்ளே கிருமித்தொற்று இருப்பதும் உண்டாம். ஈசிஜியில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் சோடியம்தான் 121. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

மார்ச் 4, புதன்

வார்டில் படுக்கை கிடைக்கும்வரை ஸ்ட்ரெச்சர்தான். தலைக்கு மேல் விளக்கு அணையவே இல்லை, எங்கேயோ ஒரு மானிட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு மேல் அம்மா என்னை "அண்ணா" என்று கூப்பிட்டாள். மாமா போய்ப் பல வருஷமாகிறது. டிரிப்ஸ் ஊசியையும் பிடுங்கப் பார்த்தாள்.

எனக்குக் கை கால் உதறிவிட்டது. ஒரே ராத்திரியில் மறதி நோயா? இல்லை, இதற்கு டெலிரியம் என்று பெயர் என்றார் டியூட்டி டாக்டர். உடம்பில் ஏதோ கெட்டுப்போனதன் அறிகுறியாகத் திடீரென்று வரும் குழப்பம். ஒரு மணி நேரம் தெளியும், மறுபடி கலங்கும். சோடியம் குறைந்தது ஒரு காரணம். தூக்கமின்மை, புது இடம், காது கேட்காதது எல்லாம் சேர்ந்து அதை ஏற்றிவிடும். அப்போதுதான் உறைத்தது, காது மெஷினும் கண்ணாடியும் வீட்டு மேசையிலேயே இருக்கின்றன என்று. அவளிடம் ராத்திரி முழுக்கக் கத்திக் கத்திப் பேசியிருக்கிறேன்.

அடுத்த ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர் கண்ணை மூடியபடி அசையாமல் கிடந்தார். "தொந்தரவே இல்லாத மனுஷர்" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. இதே குழப்பம் சிலரை இப்படி அடக்கிப் போட்டுவிடுமாம். பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தானாம்.

ஏழு மணிக்குத் தங்கை மெஷினைக் கொண்டுவந்து மாட்டினாள். அம்மாவின் முதல் வார்த்தை: "ஏன்டா கத்துற?"

மார்ச் 7, சனி

டிஸ்சார்ஜ். சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்கே கெடுதல் என்பதால் இத்தனை நாள். பிரஷருக்காகக் கொடுத்த நீர் மாத்திரைதான் வில்லன்; சிறுநீரோடு சோடியத்தையும் வெளியேற்றிவிடுமாம். நிறுத்தச் சொன்னார்கள். அட்டையைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 16, திங்கள்

மறுபடியும் அதே எமர்ஜென்சி, அதே கிறுகிறுப்பு. சோடியம் 124.

இந்தத் தடவை ஓர் இளம் டாக்டர், "மாத்திரை எல்லாத்தையும் அப்படியே கொண்டு வந்தீங்களா?" என்று பையை வாங்கி மேசையில் கவிழ்த்தார். பதினோரு அட்டை. ஒவ்வொன்றையும் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தார். ஐந்தாவதைத் தனியே எடுத்து வைத்தார். வேறொரு டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரை. பெயர் வேறு, உள்ளே அதே நீர் மருந்து. முதல் தடவை வந்ததற்கு முன் அம்மா இரண்டு பங்கு சாப்பிட்டிருக்கிறாள். அதற்கப்புறமும் ஒரு பங்கு நிற்கவில்லை. அன்றைக்கு என்னென்ன மாத்திரை என்று கேட்டபோது, நினைவிலிருந்து ஒப்பித்தவன் நான்தான். இதை விட்டிருக்கிறேன்.

கிழடுகள் சும்மா சும்மா எமர்ஜென்சிக்கு ஓடுகின்றன என்று வெளியே ஒருவர் போனில் அலுத்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 19, வியாழன்

வீடு. பெரிய எழுத்தில் ஒரு தாள் தயார் செய்தேன்: மாத்திரையின் கடைப் பெயர், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எதற்காக, எழுதிய டாக்டர். காது மெஷினுக்கு மாற்று பேட்டரியோடு ஒரு பையில் போட்டுக் கதவருகே மாட்டப் போனேன்.

"கொண்டா பார்ப்போம்" என்று அம்மா தாளை வாங்கினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள். பேனா கேட்டாள். இரண்டு எழுத்துப் பிழைகளுக்கு வட்டம் போட்டாள்.