காணாமல் போன 130 மைல்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலை போன வழியைக் கணினியில் வரைய உட்கார்ந்தேன். ஒரே ராத்திரியில் முடிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. இப்போதைய ஐ-40 நெடுஞ்சாலையை ஒட்டியே கோடு இழுத்துவிட்டு, டெக்சஸ் எல்லையிலிருந்து அரிசோனா எல்லை வரை அளந்தால் 375 மைல்கூடத் தேறவில்லை. 1926-இல் சாலைக்கு எண் கொடுத்தபோது அந்த மாநிலத்தில் அதன் நீளம் 506 மைல். மிச்சம் எங்கே?

பிசகியது சாண்டா ரோசாவில். பழைய சாலை அங்கே வடக்கே திரும்பி, குளோரியேட்டா கணவாய் ஏறி, சாண்டா ஃபேயைத் தொட்டு, அல்புகர்க்கிக்கு இறங்கி, லாஸ் லூனாஸ் வரை தெற்கே போய்த்தான் மேற்கே திரும்பியிருக்கிறது.

நேர்வழி வந்தது ஒரு கோபத்தில். 1926 தேர்தலில் தோற்ற கவர்னர் ஹானெட், பதவியை விட்டுப் போவதற்குள் சாண்டா ரோசாவிலிருந்து மோரியார்ட்டிக்கு 69 மைல் சாலை போடச் சொன்னார். தலைநகர் சாண்டா ஃபேயையே ஓரங்கட்டும் சாலை! 31 நாள் கெடு, அதுவும் குளிர்காலத்தில். வேலையை நிறுத்தப் புதிய கவர்னர் அனுப்பிய ஆள் பனியில் தடுமாறி வந்துசேர்வதற்குள் வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஆனாலும் 66 என்ற எண் அந்த வழிக்கு வந்தது 1937-இல்தான். நீளம் 399 மைலாகச் சுருங்கியது.

ஆக, முதல் கோட்டை அழித்துவிட்டு இரண்டு கோடு போட்டேன். 1937-க்கு முந்தியது சிவப்பு, பிந்தியது நீலம். அல்புகர்க்கியில் ஃபோர்த் ஸ்ட்ரீட்டில் வரும் சிவப்பும் சென்ட்ரல் அவென்யூவில் போகும் நீலமும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ரூட் 66 தன்னைத்தானே கடக்கும் முக்கு அது. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அலுக்கவில்லை.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது சாண்டா ஃபேக்குத் தெற்கே, லா பஹாடா இறக்கத்தில். 23 கொண்டை ஊசி வளைவுகள். அந்தக் காலத்து மாடல் டி ஃபோர்டு காரில் பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில் இருக்கும், பம்ப் கிடையாது. செங்குத்து ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்காது என்று ரிவர்ஸில் ஏறுவார்களாம். 1932-இல் அந்த வழியைக் கைவிட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் இதுவரை 17 வளைவு பிடித்திருக்கிறேன். மீதி ஆறும் கரும்பாறை நிழலில் கிடக்கின்றன. உச்சி வெயிலில் எடுத்த படம் ஒன்று தேட வேண்டும்.