ரிப் ஓரத்துப் பழுப்புக் கோடு

புதிதாகக் கறுப்பு நிறம் ஏற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழலைத் திருப்பிக் கொடுத்தபோது, “இனிமேல் துரு பிடிக்காது அல்லவா?” என்று வாடிக்கையாளர் கேட்டதற்கு, “அது நீங்கள் பராமரிப்பதைப் பொறுத்தது” என்று நான் சொன்ன பதிலில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஆனாலும் அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இரட்டைக்குழல் ஷாட்கன்களில், இரு குழல்களுக்கும் இடையே நீளவாக்கில் ஓடும் ‘ரிப்’ என்ற உலோகப் பட்டை பெரும்பாலும் ஈயப் பற்றால் ஒட்டப்பட்டிருப்பதால், சூடான காரக் கரைசலில் முக்கிக் கறுப்பாக்கும் முறை அவற்றுக்கு ஆகாது; காரம் பற்றை அரித்துவிடும், ரிப்புக்கு அடியில் புகுந்த உப்பும் பிறகு கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே மெதுவான முறையைத்தான் கையாண்டேன். எண்ணெய்ப் பசை நீக்கிய குழலில் அமிலக் கரைசலை மெல்லியதாகத் தடவி, ஈரமான பெட்டியில் வைத்துச் செந்துரு பூக்கவிட்டு, நீரில் கொதிக்கவைத்தால் அது மேக்னடைட் என்ற கரிய இரும்பு ஆக்சைடாக மாறும். உதிரியாக நிற்கும் பொடியை மென்கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டு, நிறம் ஆழமாகும் வரை மீண்டும் மீண்டும் இதையே செய்ய வேண்டும். இந்தக் கறுப்பே துருவைத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலம். எண்ணெயைத் தன்னுள் பிடித்துவைப்பதுதான் அதன் பெரும் பயன்.

வேலையை நான் அவசரமாக முடிக்கவில்லை. எஞ்சிய அமிலத்தைச் சமையல் சோடா கரைத்த நீரில் முறித்தேன். குழலைச் சூடாக்கி ரிப்புக்குள் தேங்கிய நீரை வெளியேற்றினேன். நீரை விலக்கும் எண்ணெயில் ஊறவைத்தேன். மறுநாள் ரிப்பின் ஓரமாக வெள்ளைத் துணியை ஓட்டிப் பார்த்தபோது பழுப்பு ஏறவில்லை. குழலைத் தொங்கவிட்டுத் தட்டியபோது மணிபோல் ஒலித்தது. ரிப் எங்கும் விடவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். வியர்வை உப்பைத் துடைத்துவிட வேண்டும், தோல் உறையில் வைத்து மூடக் கூடாது, மழையில் நனைந்தால் அன்றே காயவைத்து எண்ணெயிட வேண்டும் என்றெல்லாம் அவரிடம் சொல்லவும் செய்தேன்.

சில மாதங்கள் கழித்து அவர் குழலைக் கொண்டுவந்தார். ரிப்பும் குழலும் சேரும் மூலையில், நூல் பிடித்தாற்போல் ஒரு பழுப்புக் கோடு. “நீங்கள் சொன்னபடிதான் பார்த்துக்கொண்டேன்” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் முன்பே அவர் தலையில் இறக்கிவைத்திருந்த பொறுப்புக்கு அவர் கணக்குக் கொடுப்பதுபோல் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விரல் வியர்வையால் வரும் துரு விரல் பட்ட இடத்தில் திட்டுத்திட்டாக வரும், இப்படி நேர்கோடாக வராது. ஆகவே ஈரம் ரிப்பின் அடியிலிருந்து கசிந்திருக்கலாம். ஆனால் துடைக்கும் துணி எட்டாமல் ஈரம் தங்குவதும் அதே மூலையில்தான். மூன்றாவதாக, பல ஆண்டுகளுக்கு முன் ரிப்பைப் பற்றவைத்தவர் பற்றுப் பிடிக்கத் தடவிக் கழுவாமல் விட்ட திராவகமும் உள்ளே இருந்திருக்கலாம். ரிப்பைக் கழற்றினால் ஓரளவு தெரியும். கழற்றினாலோ பற்று உருகும் அளவுக்குச் சூடாக்கி, மறுபடி ஒட்டி, நிறம் ஏற்றும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதிய பற்றுக்கான திராவகம் புதிய அரிப்புக்கு வழிசெய்யாது என்பதற்கும் உறுதியில்லை. காரணத்தை அறிவதற்காக நல்ல குழலைப் பிரிப்பது நியாயமா என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் என்னைக் காத்துக்கொள்ளும் எண்ணம் எவ்வளவு கலந்திருந்தது என்று இப்போதும் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

வேறென்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று பலமுறை யோசித்துவிட்டேன். “பிடிக்காது” என்பது பொய். “பிடிக்கலாம்” என்றால் கூலி எதற்கு என்பார். “ரிப்புக்கு அடியில் இருப்பதை நானும் பார்க்கவில்லை” என்று சொல்லியிருக்கலாம். இந்தத் தொழிலில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போதெல்லாம் ஈரமான பருவம் ஒன்று கழிந்ததும் குழலை ஒருமுறை கொண்டுவந்து காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவும் பொறுப்பைத் தள்ளிப்போடும் இன்னொரு வழியோ என்ற சந்தேகம் இல்லாமலில்லை.

அன்று எண்ணெயில் நனைத்த மெல்லிய ஸ்டீல் வுல் என்ற எஃகு இழைப் பஞ்சால் கோட்டை மென்மையாகத் தேய்த்து எடுத்து, குழலை மீண்டும் சூடாக்கி எண்ணெயில் ஊறவைத்துக் கூலியின்றிக் கொடுத்தேன். கோடு திரும்பி வந்தால் ரிப்பைக் கழற்றுவதென்று இருவரும் பேசி முடித்தோம். அவர் இன்னும் வரவில்லை. கோடு வரவில்லை என்று எடுத்துக்கொள்ளத்தான் விருப்பம். வேலையை வேறொருவரிடம் கொடுத்திருக்கவும் கூடும்.