ராஸ்பெர்ரி பையில் ஓஎஸ் மாற்றும் முன் பூட்லோடரை அப்டேட் செய்துவிடுங்கள்

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டி கம்ப்யூட்டரில் இருக்கும் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸை எடுத்துவிட்டு, வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட்டோ வேறு லினக்ஸோ போடப் போகிறீர்கள் என்றால், கார்டை உடனே அழித்துவிடாதீர்கள். பை 4, பை 5 இரண்டிலும் பூட்லோடர் (ஆன் செய்ததும் ஓஎஸ்ஸைத் தேடி எழுப்பும் சின்ன புரோகிராம்) மெமரி கார்டில் இல்லை. போர்டிலேயே இருக்கும் ஈப்ராம் சிப்பில் இருக்கிறது. கார்டை எத்தனை முறை அழித்து எழுதினாலும் அது பழையதாகவே கிடக்கும். பை 3 வரை இந்தக் கவலை கிடையாது.

2019 ஜூனில் பை 4 வந்தபோது யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகாது. அதற்கு 2020 செப்டம்பர் அல்லது அதற்குப் பிந்தைய பூட்லோடர் வேண்டும். பழைய போர்டில் புது ஓஎஸ் எழுதிய எஸ்எஸ்டியை யுஎஸ்பியில் செருகினால் திரையில் ஒன்றும் வராது. கேபிளை மாற்றி, எஸ்எஸ்டியை மாற்றிப் பணம் செலவழிப்பவர்கள் நிறையப் பேர். கோளாறோ சிப்பில்.

பழைய ஓஎஸ் இருக்கும்போதே செய்வதுதான் சுலபம். முதலில் பேக்கேஜ்களை அப்டேட் செய்யுங்கள். புது பூட்லோடர் ஃபைல் அதோடுதான் வரும். பிறகு ராஸ்பி-கான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் புரோகிராமில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பூட்லோடர் வெர்ஷன், லேட்டஸ்ட். செட்டிங்குகளை டிஃபால்ட்டுக்கு மாற்றவா என்று கேட்கும். பூட் வரிசையை (எதில் முதலில் ஓஎஸ்ஸைத் தேடுவது என்பதை) ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தால் 'நோ' கொடுங்கள். சிப்பில் எழுதுவது அடுத்த ரீபூட்டில்தான்.

அந்த நேரம் கரண்ட் போகக்கூடாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. காற்றடித்தால் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் கிளை ஒடிந்து லைனில் விழும். கடலோரத்தில் தென்னை மட்டை விழும். இடி மின்னல் இருக்கும் மாலையில் இந்த வேலை வேண்டாம். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பும் முன், பை செருகிய பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள், பையை முறையாக ஷட்டவுன் செய்தபிறகு. பல வீடுகளில் அந்த லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். போன் சார்ஜரும் வேண்டாம்: பை 4-க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர் அடாப்டர்.

நடுவில் கரண்ட் போய் பை எழும்பவில்லையா? போர்டு போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரில் ராஸ்பெர்ரி பை இமேஜரை (கார்டில் ஓஎஸ் எழுதும் புரோகிராம்) திறந்து, உங்கள் போர்டைத் தேர்ந்தெடுத்து, மிஸ்க் யுடிலிட்டி இமேஜஸ், பூட்லோடர் என்று போய், ஏதாவது சின்ன கார்டில் எழுதுங்கள் (கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்). அதைப் பையில் போட்டு ஆன் செய்தால், எழுதி முடித்ததும் பச்சை எல்இடி வேகமாக மின்னிக்கொண்டே இருக்கும். டிவியில் முழுப் பச்சைத் திரை வரும். 10 விநாடியாவது விட்டுவிட்டு ஆஃப் செய்யுங்கள். சிப்பில் இருப்பது கெட்டாலும் பிராசஸருக்குள் மாற்ற முடியாதபடி பதிந்திருக்கும் ரோம் முதலில் கார்டைத் தேடுவதால்தான் இப்படி மீட்க முடிகிறது. சாதாரண மினி பிசியில் இதே வேலையைச் செய்யும் பயாஸின் அப்டேட் பாதியில் நின்றால் பெரும்பாலும் இவ்வளவு எளிதாக மீளாது.

சரியாக ஏறியதா என்று பார்க்க ஓஎஸ்ஸே வேண்டாம். கார்டு, எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கழற்றி, பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்து எச்டிஎம்ஐயில் டிவியை மாட்டி ஆன் செய்யுங்கள். பூட்லோடரின் தேதியும் பூட் வரிசையும் திரையில் வரும். வரிசை எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும்: 1 கார்டு, 4 யுஎஸ்பி, 6 என்விஎம்இ எஸ்எஸ்டி. 41 என்று முடிந்தால் முதலில் கார்டு, அடுத்து யுஎஸ்பி. தேதி புதியதாக இருந்தால் எஸ்எஸ்டியில் புது ஓஎஸ்ஸை எழுதலாம். பழைய கார்டை மட்டும் ஸ்லாட்டில் விட்டுவிடாதீர்கள், பை அதையே முதலில் பூட் செய்யும்.