படிக்கு முன்னால் ஒரு முழம்

காசிமேட்டில், ஒலியை அனுப்பிக் கடலின் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் எக்கோ சவுண்டரைப் படகுகளில் பொருத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் எனக்கு, அதன் ஒலியை நீருக்குள் அனுப்பித் திரும்பப் பெறும் டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது என்பது யோசிக்க வேண்டிய விஷயமாகவே நெடுநாள் தோன்றியதில்லை. விசைப்படகு என்றால் சுழலிக்கு நன்றாக முன்னே, படகின் முதுகெலும்பான ஏராவை ஒட்டி அடிப்பகுதியில்; அவுட்போர்டு (வெளியே மாட்டும் எஞ்சின்) பூட்டிய ஃபைபர் படகு என்றால் பின்பலகையில் ஒரு தாங்கியை முடுக்கினால் போதும். அந்தக் கைப்பழக்கத்தை நம்பி நான் இடறிய ஒரு படகைப் பற்றி எழுதுகிறேன்.

கோவளம் பக்கம் தூண்டில் மீன்பிடிப்புக்காக ஒருவர் வாங்கியிருந்த 26 அடிப் படகு அது. பின்னால் இரண்டு அவுட்போர்டு எஞ்சின்கள். அடிப்பகுதியில், பக்கத்துக்குப் பக்கம் குறுக்காக, மாடிப்படி விளிம்புபோல் இரண்டு படிகள். நம் மீனவர்களின் படகுகளில் இந்த அமைப்பைக் காண்பது அரிது. படகு வேகமெடுத்து நீரின் மேல் எழும்போது ஒவ்வொரு படியின் பின்னாலும் அழுத்தம் குறைகிறது. பக்கவாட்டிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அடிப்பகுதிக்கும் நீருக்கும் இடையே மெல்லிய நுரைப்படலமாகப் பரவுகிறது. நனையும் பரப்பு குறைவதால் உராய்வும் குறைகிறது. இது புதிய யோசனை என்று நினைத்திருந்தேன். 1872இலேயே ராமஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் படிவைத்த அடிப்பகுதியைப் பிரிட்டிஷ் கடற்படைக்கு முன்மொழிந்தார் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

படிகளைக் கையால் தடவிப் பார்த்து வியந்துவிட்டு, வழக்கம்போல் பின்பலகையிலேயே டிரான்ஸ்டியூசரை முடுக்கினேன். அடியில் துளையிட வேண்டாம் என்று உரிமையாளர் சொன்னதும் எனக்கு வசதியாகப் போயிற்று. வெள்ளோட்டத்தில் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகம் வரை, 20 பாகம் ஆழத்தில் தரை கோடு போட்டதுபோல் தெரிந்தது. வேகம் 20 நாட்டைத் தொட்டபோது ஆழ எண் தடுமாறி, திரை முழுவதும் புள்ளிமழை பொழிந்து, பிறகு தரையே மறைந்தது.

முதலில் மின் இரைச்சல் என்றுதான் சந்தேகித்தேன். படகை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை முறுக்கிப் பார்த்தபோது திரை தெளிவாக இருந்ததால், குற்றம் வயரில் இல்லை, ஓடும் நீரில்தான் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. தாங்கியை அரை அங்குலம் இறக்கியும் முகத்தைச் சற்றுச் சாய்த்தும் இரண்டு நாட்களை வீணாக்கினேன். மூன்றாம் நாள் பின்பலகையின் மேல் குனிந்து பார்த்தேன். கருவியைச் சுற்றிப் பால் பொங்கியதுபோல் வெண்ணுரை ஓடிக்கொண்டிருந்தது.

கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடுகிறது. 20 பாகம், அதாவது ஏறக்குறைய 36 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப அதற்கு இருபதில் ஒரு விநாடி போதும். ஆனால் நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் ஒலி ஏறக்குறைய முழுவதும் எதிரொலித்துத் திரும்பிவிடுகிறது. படகுக்கு வேகம் தருவதற்காகவே வடிவமைப்பாளர் வரவழைத்த காற்றைத்தான் என் கருவியின் முகத்துக்கு நானே திரையாகப் போட்டிருந்தேன். படிவைத்த அடிப்பகுதியில் முதல் படிக்குச் சற்று முன்னால் பொருத்த வேண்டும் என்று, பெட்டியோடு வந்த கையேட்டில் படமே போட்டிருந்தது. அதைப் பிரிக்காமலே ஓரமாகப் போட்டிருந்தேன். மிகவும் முன்னே, படகின் முன்முனையான அணியத்தை நோக்கிப் போகவும் கூடாது. வேகத்தில் அந்தப் பகுதி நீரைவிட்டு எழுந்துவிடும். ஆக, இடம் ஒரு முழம், ஒன்றரை முழத்துக்குள் அடங்கியது.

துளையைத் தவிர்க்க இன்னொரு வழி இருந்தது: டிரான்ஸ்டியூசரை உள்ளிருந்தே எபாக்சியில் ஒட்டி, ஃபைபர் வழியாகவே ஒலியை அனுப்புவது. ஒட்டுவதற்கு முன், நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் கருவியை வைத்து உட்பக்கம் அழுத்திச் சோதித்தேன். படகுக்கு வெளியே தொங்கவிட்டபோது பளிச்சென்று தெரிந்த தரை, உள்ளிருந்து பார்த்தபோது தேய்ந்த நிழலாகக்கூட வரவில்லை. ஃபைபர் வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் சுத்தியலின் பிடியால் ஓரிடத்தில் தட்டி, ஒரு சாண் தள்ளி மறுபடி தட்டிவிட்டு, "நடுவுல ஃபோம் இருக்கு தம்பி. ஓட்டை போட்டப்புறம் யோசிக்காதீங்க, இப்பவே யோசிங்க" என்றார். ஃபோம் என்பது அடைத்துவைத்த காற்று; அதன் வழியே ஒலி போகாது.

ஆகவே துளையிடுவதென்று முடிவாயிற்று. உரிமையாளரைச் சம்மதிக்கவைத்தது என் விளக்கமல்ல, அந்தத் தட்டல் ஓசைதான். படிக்கு முன்னால் அடிப்பகுதியின் சாய்வை அளந்தபோது 21 பாகை வந்தது. 16 முதல் 24 பாகை வரையான சாய்வுக்கு, ஒலி எழுப்பும் பகுதியை உள்ளே 20 பாகை சாய்த்துவைத்த வெண்கல டிரான்ஸ்டியூசர் கிடைக்கிறது. சாய்வை ஈடுகட்ட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை தேவைப்படாமல், ஒலிக்கதிர் நேராகக் கீழே போகும். நான் எடுத்த 600 வாட் வகையில் 50 கிலோஹெர்ட்ஸ் கதிரின் விரிவு 45 பாகை, 200 கிலோஹெர்ட்ஸ் கதிரின் விரிவு 12 பாகை. 20 பாகத்தில் முன்னது முப்பது மீட்டர் வட்டத்தைப் பார்க்கும். பின்னது ஏழரை மீட்டரை மட்டும் பார்த்தாலும், கடலடிப் பாறைத்திட்டான பாரின் விளிம்பில் நிற்கும் மீனைப் பிரித்துக் காட்டும்.

துளையிட்ட பிறகு, பெரியவர் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஃபோமைச் சுரண்டி எடுத்து, அந்த வளையத்தை எபாக்சியால் நிரப்பினார். இதைச் செய்யாமல் மரையை முடுக்கினால் ஃபோம் நசுங்கும். பின்னொரு நாள் நீர் உள்ளே புகுந்து அடிப்பகுதியையே ஊறவைக்கும். உபரி கேபிளை வெட்டாமல் சுருட்டி, எஞ்சின் வயர்களை விட்டுத் தள்ளிக் கட்டினேன். இதற்குள் மே மாதம் பாதி கடந்திருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறியிருந்ததால், வேலையாட்கள் கிடைப்பதே பாடாகிவிட்டது.

இரண்டாம் வெள்ளோட்டத்தில் 22 நாட் வேகத்திலும் தரைக்கோடு அறுபடவில்லை. வேகமாகத் திரும்பும்போது மட்டும் ஓரிரு விநாடி விட்டுவிட்டு வந்தது. படகு ஒருபுறம் சாயும்போது அதைத் தவிர்க்க முடியாது என்று உரிமையாளரிடம் சொன்னேன். இரண்டாம் முறை படகை ஏற்றி இறக்கிய செலவை நானே ஏற்றுக்கொண்டேன். பின்பலகையில் நான் முதலில் போட்ட நான்கு திருகுத் துளைகளையும் பெரியவர் அடைத்துக் கொடுத்தார். வெள்ளை நிறம் மட்டும் சற்று மாறிப்போனதால், உற்றுப் பார்த்தால் அவை இன்றும் தெரியும்.